திருப்பதித் திருமணமும் அந்தரங்க உரிமையும்

திருவேங்கட மலையிலும் அதன் அடிவாரத்திலும் திருமணம் முடித்தல் நம் தமிழ்க் குடும்பங்களின் நெடுநாள் வழக்கம். பம்பாய், டில்லி, கல்கத்தா முதலிய நகரங்களில் பிழைப்பு நாடிக் குடியேறியவர்களாயினும் சரி, கடல் கடந்து சென்று வாழ்பவர்களாயினும் சரி, பெண்ணுக்கு வரன் அமைந்தவுடன் பலர் நினைவில் முதலில் தோன்றுவது திருப்பதியே. நேர்ந்துகொண்ட பிரார்த்தனை ஒருபுறம். சொந்த ஊருக்குப் போய் மண்டபம் பிடித்து ஆயிரம் பேருக்கு இலை போடும் செலவு மிச்சமாகும் என்னும் கணக்கு மற்றொருபுறம். அவ்வூர் நமக்கு அயலூருமன்று. 1911-ஆம் ஆண்டில் சித்தூர் ஜில்லா தனியே அமைக்கப்படும் வரையில் திருப்பதி வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது. சித்தூரே அந்த வட ஆர்க்காடு ஜில்லாவின் தலைநகராக விளங்கிற்று. இன்றும் சித்தூர், நகரிக் கடைவீதிகளில் தமிழ் பேசியே சாமான் வாங்கி வரலாம்.

அத்தகைய திருப்பதியில் 1975 டிசம்பர் 13-ஆம் நாள் நடைபெற்றதாகச் சொல்லப்பட்ட ஒரு திருமணம், பின்னர் இந்திய அரசியல் சட்டத்தின் அடிப்படை உரிமைகளைப் பற்றிய பெரியதொரு வழக்காக வளர்ந்தது என்பதை நம் அன்பர்கள் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். ஒருவர்தம் அந்தரங்கத்தில் அரசு எவ்வளவு தூரம் புகலாம் என்பதே அவ்வழக்கில் எழுந்த கேள்வி. அதற்குக் கிடைத்த விடை ஓராண்டு உயிரோடிருந்தது, பிறகு மறுக்கப்பட்டது, 2017-க்குப் பின் அதே கேள்வி மீண்டும் தலையெடுத்துள்ளது. திருப்பதியில் மணம் முடித்துத் தொலைவில் வாழும் குடும்பங்களுக்கு இது நேரே தொடர்புடையதாகலின் சற்று விரிவாகவே எழுதுகின்றோம்.

வழக்கு சட்ட நூல்களில் ‘சரிதா எதிர் வேங்கட சுப்பையா’ என்று வழங்குகிறது. மணம் நடந்ததாகச் சொல்லப்பட்ட காலத்தில் மணமகள் சென்னையில் பெற்றோருடனிருந்த உயர்நிலைப்பள்ளி மாணவி. பின்னர் தென்னாட்டுத் திரையுலகில் பெயர் பெற்ற நடிகை. மணம் நடந்த சில நாளிலேயே இருவரும் பிரிந்து, ஐந்தாண்டுகளுக்கு மேலாகத் தனித்தனியே வாழ்ந்தனர். அதற்குமேல் அவர்தம் இல்வாழ்க்கையைத் துருவுவது நம் நோக்கமன்று. அகத்திணைப் பாட்டில் தலைவன் பெயரையும் தலைவி பெயரையும் சுட்டலாகாது, சுட்டினால் அது புறமாகிவிடும் என்பது நம் முன்னோர் வகுத்த இலக்கணம். அந்தரங்கத்தைப் பற்றி எழுதப் புகும் நாம் அவ்விலக்கணத்தை இயன்றவரை போற்றுதலே முறை. வழக்கின் பெயரைச் சொல்லாமல் தீராது என்பதனால் மட்டுமே அதனைச் சொன்னோம்.

கணவர் கடப்பை சப்-கோர்ட்டில் மனுச் செய்தார். 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு அம்மனுவுக்கு ஆதாரம். கணவனோ மனைவியோ தக்க காரணமின்றி மற்றவரை விட்டு விலகியிருந்தால், விலகியவர் திரும்பி வந்து உடன் வாழவேண்டும் என்று கட்டளையிடும்படி மற்றவர் நீதிமன்றத்தை வேண்டலாம். ‘சேர்ந்து வாழும் மனு’ என்று நம்மவர் சொல்வது இதனையே. விலகியதற்குத் தக்க காரணம் உண்டு என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு விலகியிருப்பவரைச் சாரும். டிக்ரி பிறந்தும் அவர் வராவிடில் அவருடைய சொத்தை ஜப்தி செய்ய இடமுண்டு. ஓராண்டு வரை சேர்ந்து வாழாவிடில், அதையே காரணமாகக் காட்டி இருவரில் எவரும் விவாகரத்துக் கோரலாம்.

கேட்பதற்கு இது நம் பழைய தருமசாத்திரத்தில் பிறந்த விதி போலத் தோன்றும். உண்மை வேறு. இங்கிலாந்தில் கிறிஸ்தவத் திருச்சபையின் நீதிமன்றங்கள் வழங்கிவந்த பரிகாரம் இது. வெள்ளையர் ஆட்சியில் நம் நாட்டுக்குக் கப்பலேறி வந்து, 1867-இல் பிரிவி கவுன்ஸில் அளித்த தீர்ப்பொன்றினால் இங்கு நிலைபெற்றது. பம்பாயில் ருக்மாபாய் பட்ட பாடு இதற்குத் தக்க சான்றாகும். பதினொரு வயதில் மணம் முடிக்கப்பெற்ற அவ்வம்மையார், வயது வந்தபின் கணவருடன் வாழ மறுத்தார். 1885-இல் நீதிபதி பின்ஹே அவர் பக்கம் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் அது புரண்டது. கணவரிடம் செல், அல்லது ஆறு மாதம் சிறை செல் என்று 1887-இல் கட்டளை பிறந்தது. சிறைக்கே செல்வேன் என்றார் அப்பெண். 1888-இல் பணங்கொடுத்து வழக்குத் தீர்ந்தது. பின்னர் அவர் இலண்டன் சென்று மருத்துவம் பயின்று, திரும்பி வந்து சூரத்திலும் ராஜகோட்டிலும் பெண்களுக்கான மருத்துவமனைகளில் நெடுங்காலம் தொண்டாற்றினார். சிறைத் தண்டனையைச் சட்டம் 1923-இல் கைவிட்டது. ஜப்தி மட்டும் எஞ்சி நின்றது. இந்தப் பரிகாரத்தை ஈன்ற இங்கிலாந்தே 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதனை ஒழித்துவிட்டது. ஆஸ்திரேலியா 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், நம் தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழும் தென்னாப்பிரிக்கா 1979-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் அதனை நீக்கின. தாய்வீடு துறந்த பழக்கத்தை நாம் இன்றும் பேணி வருகிறோம்!

நிற்க. கடப்பை நீதிமன்றத்துக்கு இவ்வழக்கை விசாரிக்கும் அதிகாரமில்லை என்று மனைவியின் தரப்பில் எழுப்பப்பட்ட ஆட்சேபம் அங்கே ஏற்கப்படவில்லை. அவர் ஐதராபாத்திலிருந்த ஆந்திரப் பிரதேச உயர்நீதிமன்றத்தை அணுகினார். அங்கேதான் வழக்கின் உருவம் மாறிற்று. எந்த ஊர்க் கோர்ட் விசாரிப்பது என்பதோடு நில்லாமல், இப்படியொரு சட்டம் அரசியல் சட்டத்துக்கு அடங்குமா என்னும் கேள்வியே முன்னுக்கு வந்தது.

1983 ஜூலை முதல் நாள் நீதிபதி பி. ஏ. சௌத்திரி தீர்ப்புரைத்தார். 9-ஆம் பிரிவு செல்லாது என்பது அவர் முடிவு. அவர் காட்டிய காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒரு பெண் யாருடன், எப்பொழுது உடலுறவு கொள்வது, தாயாவதா வேண்டாமா என்பவை அவள் தானே முடிவு செய்யவேண்டியவை. ‘திரும்பிப் போய் வாழ்’ என்று கோர்ட் கட்டளையிடும்பொழுது, அம்முடிவு அவள் கையிலிருந்து பிடுங்கப்பட்டு அரசின் கைக்குப் போகிறது. அவள் உடல் அவளுடையதாக இல்லாமற் போகிறது. அரசியல் சட்டத்தின் 21-ஆம் ஷரத்து காக்கும் உயிரும் உடல் சுதந்திரமும் இதனால் ஊறுபடுகின்றன. இரண்டாவதாக, சட்டத்தின் சொற்கள் ஆண் பெண் இருபாலரையும் ஒன்றாகவே நடத்துகின்றன. ஆனால் விளைவு ஒன்றாக இல்லை. கருவுறுதலும் அதன் பின்வரும் வாழ்க்கை மாற்றமும் பெண்ணுக்கே உரியன. ஆணுடைய வாழ்க்கை பெரும்பாலும் பழையபடியே நடக்கும். எனவே சமத்துவம் பேசும் 14-ஆம் ஷரத்துக்கும் இது முரண்.

இந்த இரண்டாம் காரணத்தையே நாம் பெரிதும் மதிக்கின்றோம். அந்தரங்க உரிமை என்றவுடன் பிறர் கண்ணில் படாமல் கதவைச் சாத்திக்கொள்வது என்றே பலரும் எண்ணுவர். அவ்வுரிமை சமத்துவ உரிமையோடு கைகோத்து நடப்பதை இத்தீர்ப்பு தெளிவாகக் காட்டிற்று. ஒன்றை எடுத்துவிட்டால் மற்றொன்றும் தளர்ந்துவிடுகிறது.

இக்கருத்து 1983-இல் திடீரென முளைத்ததன்று. அதற்கு ஒரு முன்கதை உண்டு, அதிலும் திருப்பதியின் சாயல் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் காரக் சிங் என்பவர் கொள்ளைக் குற்றமொன்றில் சிக்கிப் போதிய சான்றின்றி விடுவிக்கப்பட்டார். ஆயினும் போலீஸார் அவர் பெயரைச் சந்தேகப் பட்டியலில் சேர்த்து, நள்ளிரவில் வந்து கதவைத் தட்டுவதை வழக்கமாக்கிக்கொண்டனர். 1962-இல் ஆறு நீதிபதிகள் அடங்கிய உச்சநீதிமன்றம், இரவில் வீடு புகுவது தவறு என்றது. ஆனால் அந்தரங்கம் என்பது அரசியல் சட்டம் உறுதி செய்த உரிமையன்று என்றும் சொல்லிவிட்டது. அதனை மறுத்துத் தனித் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி கோ. சுப்பாராவ், நீதிபதி ஷா அவருடன் ஒத்து நின்றார். ‘அந்தரங்கம்’ என்னும் சொல் அரசியல் சட்டத்தில் இல்லாவிடினும் உடல் சுதந்திரத்தின் இன்றியமையாத கூறு அது என்றும், அடிப்படை உரிமைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை என்றும் அவர் எழுதினார். சென்னையில் வக்கீலாகவும் நீதிபதியாகவும் விளங்கிய அவர், 1954-இல் திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் தோன்றியபொழுது அதன் வேந்தராகவும் இருந்தவர்.

1975-இல் கோவிந்த் வழக்கில் உச்சநீதிமன்றம் அந்தரங்கத்துக்குக் கதவைச் சிறிதே திறந்துவிட்டது. அந்தத் திறப்பின் வழியேதான் ஆந்திர நீதிபதி உள்ளே சென்றார். தமிழ்நாட்டிலிருந்து சென்ற ‘நக்கீரன்’ வழக்கில் 1994-இல் உச்சநீதிமன்றம் அக்கதவை இன்னும் அகலத் திறந்தது என்பதையும் இடையே குறித்துச் செல்கின்றோம்.

ஆந்திரத் தீர்ப்பு வந்த அதே ஆண்டின் இறுதியில் டில்லி உயர்நீதிமன்ற நீதிபதி அவத் பிஹாரி ரோத்தகி நேர்மாறாகக் கூறினார். அரசியல் சட்டத்தை வீட்டுக்குள் கொண்டுவருவது பீங்கான் கடைக்குள் காளை மாட்டை விடுவதற்கு ஒப்பாகும் என்பது அவர் கருத்து. இல்லறம் அன்பால் நடப்பது, அங்கே ஷரத்துகளுக்கு என்ன வேலை என்று நம் பெரியவர்கள் கேட்கும் கேள்வியும் இதுவே. கேள்வியில் நியாயமில்லாமல் இல்லை. எனினும் அதற்குள்ளேயே ஒரு முரண் ஒளிந்திருப்பதை நோக்குக. கோர்ட் கட்டளையோடு அமீனா வாசலில் வந்து நிற்கிறார் என்றால் சட்டம் ஏற்கெனவே வீட்டுக்குள் புகுந்துவிட்டது என்பதுதானே பொருள்? சாதாரணச் சட்டம் புகலாம், உரிமைகளைக் காக்கும் சட்டம் மட்டும் திண்ணையோடு நிற்கவேண்டும் என்பது எப்படிப் பொருந்தும்?

1984 ஆகஸ்டில் சரோஜ் ராணி வழக்கில் உச்சநீதிமன்றம் முடிவு கூறியது. நீதிபதி சப்யசாச்சி முகர்ஜி எழுதிய அத்தீர்ப்பு, 9-ஆம் பிரிவு செல்லும் என்றது. சேர்ந்து வாழும் உரிமை திருமணத்தின் இயல்பிலேயே அடங்கியது. டிக்ரி என்பது பிரிந்தவரைச் சேர்த்துவைக்கும் தூண்டுதலே. அதனை மீறினால் சொத்துக்குத்தான் ஆபத்து, உடலுக்கன்று. ஆகவே இல்லறம் குலையாமல் காக்கும் சமுதாயப் பயன் இதற்குண்டு என்பது அதன் சாரம். ஐதராபாத் தீர்ப்பு இவ்வாறு வீழ்ந்தது. இடைப்பட்ட பதின்மூன்று மாத காலத்தில், சித்தூர், திருப்பதிக் கோர்ட்டுகள் உள்ளிட்ட ஆந்திர நாட்டு நீதிமன்றங்களில் 9-ஆம் பிரிவு செல்லாக்காசாகவே கிடந்தது.

சரோஜ் ராணி வழக்கின் வரலாறு வியப்புக்குரியது. பஞ்சாபைச் சேர்ந்த அந்த வழக்கில் 1977-இல் ‘சேர்ந்து வாழவேண்டும்’ என்று மனுச் செய்தவர் மனைவியே. கணவர் மறுக்கவில்லை, அவர் சம்மதத்தின்மேல் 1978-இல் டிக்ரி பிறந்தது. ஓராண்டு கழிந்தது. 1979-இல் கணவர் கோர்ட்டுக்கு வந்து, ஓராண்டாகியும் நாங்கள் சேர்ந்து வாழவில்லை, ஆகையால் விவாகரத்து வேண்டும் என்றார். அதுவே இறுதியில் கிடைத்தது. மனைவிக்கும் மகளுக்கும் ஜீவனாம்சம் தரும்படி மட்டும் உச்சநீதிமன்றம் கட்டளையிட்டது. இல்லறத்தைக் காப்பது என்று எந்த வழக்கில் போற்றப்பட்டதோ, அந்த வழக்கிலேயே இச்சட்டம் இல்லறத்தை முறிக்கும் ஏணியாகப் பயன்பட்டது. இதனைக் காட்டிலும் வலுவான எதிர்வாதம் வேண்டுமோ?

முப்பத்து மூன்று ஆண்டுகள் சென்றன. கருநாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி, ஆதார் அட்டைத் திட்டத்தை எதிர்த்து 2012-இல், தம் முதிர்ந்த வயதில், உச்சநீதிமன்றம் சென்றார். அந்தரங்கம் அடிப்படை உரிமையே அன்று என்று அரசு வாதாடியது. காரக் சிங் தீர்ப்பையும் அதற்கு முந்திய 1954-ஆம் ஆண்டின் எட்டு நீதிபதிகள் தீர்ப்பொன்றையும் துணைக்கு அழைத்தது. எட்டுப் பேர் சொன்னதை மாற்ற ஒன்பது பேர் வேண்டுமாகையால் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்தனர். 2017 ஆகஸ்டு 24-ஆம் நாள், ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று அறிவித்தனர். ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் சுப்பாராவ் எழுதிய மாறுபட்ட தீர்ப்பு அன்று நாட்டின் சட்டமாயிற்று. அந்த ஒன்பதின்மருள் ஒருவரான நீதிபதி அப்துல் நசீர் 2023-இல் ஆந்திரப் பிரதேச ஆளுநராக நியமிக்கப்பெற்றார்.

இத்தீர்ப்பினால் அடிப்படை உரிமைகளின் பட்டியலில் புதிதாக ஒன்று கூடிற்று என்று மட்டும் கொள்ளுதல் போதாது. 21-ஆம் ஷரத்தில் வேரூன்றி, மற்ற உரிமைகள் அனைத்திலும் அந்தரங்கம் ஊடுருவி நிற்கிறது என்பதே நீதிபதிகள் கண்ட உண்மை. கடிதத்தைப் பிறர் பிரித்துப் படிப்பார்கள் என்று அஞ்சுகிறவனுக்குப் பேச்சுரிமை இருந்து என்ன பயன்? யாரை வழிபடுகிறேன் என்பதைக் கணக்கெடுத்துக்கொண்டே இருந்தால் வழிபாட்டுரிமை எங்ஙனம் முழுமை பெறும்? அரசு ஒருவர் அந்தரங்கத்தில் கைவைக்க வேண்டுமானால் அதற்குச் சட்டம் இருக்கவேண்டும், அச்சட்டத்துக்கு நேரிய நோக்கம் இருக்கவேண்டும், நோக்கத்துக்கு மிஞ்சிய வழியைக் கைக்கொள்ளாதிருக்கவேண்டும் என்னும் அளவுகோலும் அன்று வகுக்கப்பட்டது.

அந்த உரிமை வீட்டுக்கு உரியதன்று, வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் உரியது என்பது நாம் அழுத்திச் சொல்லவேண்டிய செய்தி. ‘குடும்ப விஷயம், வெளியார் தலையிடலாகாது’ என்று சொல்லி வீட்டினுள் நடக்கும் கொடுமையை மூடி மறைக்க அந்தரங்கத்தைத் திரையாக்கலாகாது என்பதை நீதிபதி சந்திரசூட் தம் தீர்ப்பில் எச்சரித்துள்ளார். மறு ஆண்டே அதன் பயன் தெரிந்தது. மனைவியைக் கணவனின் உடைமையாகக் கருதிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவை 2018 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் செல்லாதென அகற்றிற்று. அதன்பின் 9-ஆம் பிரிவு மட்டும் எவ்வாறு நிற்கும் என்னும் ஐயம் இயல்பாகவே எழுந்தது. 2019-இல் குஜராத்தைச் சேர்ந்த சட்ட மாணவர்கள் அப்பிரிவை எதிர்த்து உச்சநீதிமன்றத்தில் மனுச் செய்தனர்.

இனி, நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். திருமணம் எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊர்க் கோர்ட்டிலும் மணவழக்குத் தொடரலாம் என்பது இந்து திருமணச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு. திருப்பதியில் தாலி கட்டிவிட்டு மறுநாளே ரயிலேறியவர்களுக்கும் இது பொருந்தும். தம்பதிகள் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊரிலும் தொடரலாம். எதிர்த்தரப்பினர் இந்தியாவுக்கு வெளியே வாழ்வாராயின், மனுச் செய்பவர் தாம் வசிக்கும் ஊரிலேயே தொடரலாம். ஆகவே துபாயில் மருத்துவத் தாதியாக வேலை பார்க்கும் பெண்ணின்மேல் திருப்பதியிலோ வேலூரிலோ வழக்கு நடப்பது சாத்தியமே. சம்மன் பழைய விலாசத்துக்குப் போய், அவளுக்குத் தெரியாமலே ஒருதலையாக டிக்ரி ஆகிவிடுவதும் உண்டு. ஓராண்டு கழித்து அந்த டிக்ரியைக் கொண்டே விவாகரத்தும் வந்துசேரும். பெண் ஜீவனாம்சம் கேட்டு மனுப்போட்டால், எதிர்வெடியாகச் சேர்ந்து வாழும் மனு ஒன்றைப் போடுவது கோர்ட் வாசலில் யாவரும் அறிந்த உத்தி.

சம்மன் வந்தால் அதனைப் பெட்டியில் போட்டு மூடுதல் தகாது. நேரில் வர இயலாதவர் வக்காலத்துக் கொடுத்து ஒரு வக்கீல் மூலமாக ஆஜராகலாம். அடி, வசவு, வரதட்சிணைத் தொல்லை, கணவனின் வேறு தொடர்பு ஆகியவை விலகி வாழத் தக்க காரணங்களே; அவற்றைச் சான்றுடன் கோர்ட்டில் எடுத்துரைக்க வேண்டும். டிக்ரி வந்துவிட்டாலும் போலீஸார் வந்து பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துச் சென்று புக்ககத்தில் விட முடியாது, சிறையும் இல்லை. அப்படிச் சொல்லி மிரட்டுபவர்களை நம்பவேண்டாம். ஆனால் ஊரில் அவள் பெயரில் நிலமோ வீடோ இருந்தால் அது ஜப்திக்கு உள்ளாகக்கூடும்.

டிக்ரிக்குப் பணியாத மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையாது என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்தது. உயர்நீதிமன்றங்கள் சிலவும் அவ்வாறே தீர்ப்பளித்தன. ஜார்க்கண்டிலிருந்து சென்ற வழக்கொன்றில் 2025 ஜனவரி 10-ஆம் நாள் உச்சநீதிமன்றம் இதனைத் தெளிவுபடுத்திற்று. கணவன் சேர்ந்து வாழும் டிக்ரி பெற்றிருக்கிறான், மனைவி அதன்படி திரும்பவில்லை என்பதொன்றே ஜீவனாம்சத்தை மறுக்கப் போதுமான காரணமாகாது; அவள் ஏன் திரும்பவில்லை என்பதை அந்தந்த வழக்கின் சான்றுகளைக் கொண்டு தனியே ஆராயவேண்டும் என்று கூறி, அப்பெண்ணுக்கு மாதந்தோறும் ஜீவனாம்சம் தரும்படி கணவனுக்குக் கட்டளையிட்டது.